காருக்குப் பின்னால ‘டொக் டொக்’ சத்தமா? சாமான் மாத்த முன்னம் இதைப் பாருங்க

பின்பக்கம் டொக் டொக் எண்டு சத்தம் வந்தா கொழும்புல பத்துல எட்டுப் பேர் சொல்லுறது ஒண்டுதான், ஷொக் (குலுக்கலை அடக்குற ஷொக் அப்சோபர்) போயிட்டுது, மாத்துங்க எண்டு. போன வருசம் நானும் அதைத்தான் நம்பினன். எங்கட சின்ன ஹட்ச்பெக்குக்கு ஒரு கராஜ்ல பின் ஷொக் ரெண்டும் புதுசா பூட்டி, காசையும் குடுத்துட்டு வெள்ளவத்தைக்கு வந்து லேனுக்குள்ள திரும்பினா முதல் கிடங்கிலயே அதே டொக். மனசே விட்டுப் போச்சு. அதுக்குப் பிறகுதான் நானும் மச்சானும் சேர்ந்து ஒவ்வொண்டா பார்க்கத் தொடங்கினம், அப்ப பழகினதைத்தான் எழுதுறன். உங்கட காசு வீணாப் போகக்கூடாது.

முதல்ல வீல் நட். இதை மட்டும் நாளைக்குப் பார்ப்பம் எண்டு விடாதீங்க, முக்கியமா டயர் கடைக்குப் போய்வந்த பிறகு சத்தம் தொடங்கியிருந்தா. கார் நிலத்தில நிக்கேக்கையே ஸ்பெனர் போட்டு நாலு வீலும் இறுக்கமா எண்டு பாருங்க. விட்ஸ், அக்சியோ மாதிரி டொயோட்டா கார்களுக்கு இறுக்க வேண்டிய அளவு 103 நியூட்டன் மீட்டர், டோர்க் ரெஞ்ச் (அளவு பார்த்து இறுக்கிற ஸ்பெனர்) இல்லாட்டி ஒரு டயர் கடையில கேட்டு இறுக்கிக்கொள்ளுங்க. நட் லூசா இருந்தா வீலே கழண்டு போகும்.

அடுத்தது டிக்கி. உள்ள இருக்கிற எல்லாத்தையும் இறக்குங்க, எல்லாத்தையும் எண்டா ஸ்பெயார் வீல், ஜெக், வீல் ஸ்பெனர், அடியில கிடக்கிற தண்ணிப் போத்தல் வரைக்கும். பிறகு சத்தம் வாற அதே ரோட்டில ஒருக்கா ஓடிப் பாருங்க. ஜெக் அதுட இடத்தில சரியா இறுகி இருக்காட்டி கேக்கிற சத்தம் அசல் சஸ்பென்ஷன் சத்தம் மாதிரியே இருக்கும். பின்சீட் சாய்வு பூட்டுற கொக்கியும் அப்பிடித்தான், ஒரு துணியை அதில சுத்திப் போட்டு ஓடினா சத்தம் குறையுதா இல்லையா எண்டு தெரிஞ்சிடும்.

இதுக்கெல்லாம் அடங்கல்ல எண்டா, எப்ப வருது எண்டதைக் கவனிங்க. என்னைக் கேட்டா பாதி வேலை இங்கதான் முடியுது. சின்னச் சின்ன மேடுபள்ளத்தில மெதுவா போகேக்க வருதா, அப்ப ஷொக்குட மேல் புஷ் (பூட்டுற இடத்தில அடி தாங்குற ரப்பர்), ஸ்டெபிலைசர் லிங்க் (கார் சாயாம பிடிக்கிற கம்பியை இணைக்கிற சின்னத் தண்டு) இருக்கிற காரா இருந்தா அந்த லிங்க். பிரேக் அடிக்கேக்க ஒரு தரம், ரிவர்ஸ் எடுத்து திரும்ப பிரேக் அடிக்கேக்க இன்னொரு தரம் வருதா, அப்ப பிரேக் பக்கமோ டோர்ஷன் பீம் (ரெண்டு பின்வீலையும் சேர்க்கிற குறுக்குச் சட்டம்) புஷ்ஷோ. பின்சீட்டில மூண்டு பேர் ஏறினா மட்டும் வருதா, சைலன்சர் கீழ எங்கயோ முட்டுது, இல்லாட்டி ஸ்பிரிங் பிரச்சின. பின்வீல் இழுக்கிற வான் வச்சிருக்கிறவங்க, D-ல இருந்து R-க்கு மாத்தேக்க டங் எண்டா ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் (பின்வீலுக்கு சுழற்சியைக் கொண்டுபோற நீளத் தண்டு) ஜொயிண்டைத்தான் முதல்ல பாருங்க. எந்தப் பக்கம் எண்டதையும் கவனிங்க. நாங்க இடப்பக்கம் ஓடுற ஆக்கள், ரோட்டோரக் கிடங்கு, கான் மூடி எல்லாத்திலயும் விழுறது இடது வீல்தான், அதால அந்தப் பக்கத்துக்கு அடி கூட.

சைலன்சரைப் பார்க்க கார் ஆறியிருக்கிற காலமை நேரம் நல்லம். குனிஞ்சு கையால ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க. அது தொங்குற ரப்பர் வெடிச்சிருந்தா சைலன்சர் போய் பொடியிலயோ பீமிலயோ முட்டுறது உங்களுக்கே கேக்கும். மரைன் டிரைவ் பக்கம் இருக்கிற எங்களுக்கு கடல் உப்புக்காத்தால கொழுக்கியும் துருப்பிடிச்சு மெலிஞ்சு போகுது, சூட்டைத் தடுக்கிற ஹீட் ஷீல்ட் தகடும் கழண்டு ஆடும். இதுதான் காரணம் எண்டா பெரிய செலவு இல்ல, ரப்பரை மாத்தினா சரி.

ஸ்பிரிங்குக்கு ஒரு டேப் போதும். மட்டமான இடத்தில காரை விட்டு, வீல் நடுவில இருந்து மட்கார்ட் விளிம்பு வரைக்கும் ரெண்டு பக்கமும் அளங்க. ஒரு பக்கம் நல்லா இறங்கியிருந்தா டோர்ச் அடிச்சு ஸ்பிரிங்குட கீழ்ச் சுத்தைப் பாருங்க, அதிகமா உடையிறது அந்த நுனிதான், மண் படிஞ்சிருந்தா உடைவு தெரியாது, துடைச்சுப் பாருங்க.

இனி எங்கட பிரச்சினையைப் பிடிச்ச விதம். டிக்கியில பக்கத்துக் கவரைக் கழட்டினா எங்கட காரில ஷொக்குட மேல் நட் தெரியும் (எல்லாக் காரிலயும் அப்பிடி இல்ல, சிலதில கீழ இருந்து மட்டும்தான் பார்க்கலாம்). மச்சான் டிக்கிக்குள்ள கையை விட்டு அந்த நட் இருக்கிற தகட்டில உள்ளங்கையை வச்சுக்கொண்டிருந்தார், நான் பம்பரை அமத்தி அமத்தி விட்டன். வலப்பக்கம் ஒண்டும் இல்ல. இடப்பக்கம் கையை வச்சதும் “இந்தா, கையில அடிக்குது” எண்டார், நான் ஓடிப்போய் கை வச்சா உண்மைதான், ஒவ்வொரு அமத்தலுக்கும் தகட்டுக்குக் கீழ இருந்து ஆரோ விரலால சுண்டுற மாதிரி. நட்டைக் கழட்டிப் பார்த்தா ஷொக் புதுசு, ஆனா மேல பழைய ரப்பர் புஷ்ஷையே திரும்பப் பூட்டியிருக்கு, அது ஒரு பக்கம் நசிஞ்சு பிஸ்கட் மாதிரி உடைஞ்சு கிடந்தது. அந்த இடைவெளியில ஷொக் தண்டு மேலயும் கீழயும் அடிச்சிருக்கு.

அதால ஷொக் மாத்துறீங்க எண்டா மேல் புஷ், வொஷர், பம்ப் ஸ்டொப் (ஷொக் முழுசா அமரேக்க அடி தாங்குற ரப்பர்) எல்லாம் சேர்த்துப் புதுசா கேளுங்க, ஒரு பக்கம் மட்டும் மாத்தாம சோடியா போடுங்க. கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடையள்ல ரீகண்டிஷன் (பாவிச்ச) சாமான் நிறைய நல்லது இருக்கு, நானும் வாங்குவன், ஆனா ரப்பர் சாமானை பழசா வாங்காதீங்க, ரப்பர் சும்மா கிடந்தாலும் காய்ஞ்சு போகும். ஷொக் உடம்பில எண்ணெய் ஒழுகி மண் அப்பியிருந்தா அது முடிஞ்சுது, மெல்லிசா ஈரம் தெரிஞ்சா அவசரப்படத் தேவையில்ல.

பீம் புஷ் பார்க்கிறது எண்டா காரை உயர்த்தி லிவர் வச்சு நெம்பிப் பார்க்கோணும். பின்பக்கம் உயர்த்தேக்க ஹேண்ட் பிரேக் முன்வீலைப் பிடிக்காது, P-ல போட்டு முன்வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைங்க, ஜெக்கை மட்டும் நம்பி ஒருநாளும் கீழ போகாதீங்க, ஸ்டேண்ட் இல்லாட்டி லிஃப்ட் இருக்கிற கராஜுக்குப் போங்க. புஷ் மாத்துற மெக்கானிக் பாஸுக்கு ஒரு விசயம் பக்குவமா சொல்லுங்க: பீம் போல்ட்டையும் ஷொக்குட கீழ் போல்ட்டையும் கடைசி இறுக்கு இறுக்கிறது கார் வீலில நிக்கேக்கதான். வீல் தொங்கேக்க இறுக்கினா, இறக்கினதும் ரப்பர் முறுகியே இருக்கும், கெதியா கிழிஞ்சு போயிடும், பிறகு திரும்பவும் அதே சத்தம்.

எங்கட காருக்குப் புது மேல் புஷ் ரெண்டும் போட்டு ஒரு மணித்தியாலத்தில வேலை முடிஞ்சுது. பின்னேரம் அதே லேன், அதே கிடங்கு, ரேடியோவை நிப்பாட்டி கண்ணாடியை இறக்கிட்டு மெதுவா இறக்கினம், டயர் சத்தம் மட்டும்தான் கேட்டுது.