கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள்

உருளைக்கிழங்கோ முட்டையோ வேகவைக்கும்போது, தண்ணீர் தளதளவெனக் கொதித்ததும் அடுப்பைச் சிம்மில் வைத்துப் பாத்திரத்தை மூடிவிடுங்கள். சிறு குமிழ்கள் வந்துகொண்டிருந்தால் போதும். வேகும் நேரம் அதிகமாகாது, கேஸ் மிச்சமாகும்.

கொதிக்கும் நீரின் வெப்பநிலை சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே நின்றுவிடும். தீயைக் கூட்டினால் அந்த அதிக வெப்பம் நீரை ஆவியாக்கத்தான் போகிறது, கிழங்குக்குச் சூடு ஏறுவதில்லை. அந்த விரயம் சிறிதல்ல: ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்க வைக்க ஏறக்குறைய 293 கிலோஜூல் போதும்; அதை முழுதும் ஆவியாக்க 2,260 கிலோஜூல் வேண்டும்.

பொரிப்பதற்கு இது பொருந்தாது. தீ குறைந்தால் எண்ணெயின் வெப்பநிலையே இறங்கி, வடை எண்ணெய் குடிக்கும். குழம்பைச் சீக்கிரம் சுண்டவைக்கவும் நல்ல தீ வேண்டும். அங்கே நீர் ஆவியாவதுதான் நமக்குத் தேவை.