கால் கிலோ டீத்தூள் உண்மையிலேயே கால் கிலோதானா? டி-சோதனையைக் கையால் போட்டுப் பார்ப்போம்

குன்னூர், கோத்தகிரி பக்கம் எந்தக் கடைக்குப் போனாலும் 250 கிராம் டீத்தூள் பாக்கெட் இருக்கும். ஒரு பாக்கெட் 246 கிராம் இருந்தால் உடனே சண்டைக்குப் போக முடியாது. 2011-ன் பொட்டலப் பொருள் விதிகளே இந்த எடைக்கு ஒரு தனி பாக்கெட்டில் 9 கிராம் வரை குறைவதைப் பிழையாக அனுமதிக்கின்றன. ஆனால் மொத்தமாக எடுத்துப் பார்த்தால் சராசரி குறையக்கூடாது. ஆக, நமக்கு வேண்டியது சராசரிக்கான சோதனை. அதுதான் டி-சோதனை (t-test): கையிலிருக்கும் சில பாக்கெட்டுகளை வைத்து மொத்தத்தின் சராசரியைச் சோதிப்பது.

எடை போடுவதற்கு முன்னால் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று, "இந்த பிராண்டின் மொத்தப் பாக்கெட்டுகளின் சராசரி 250". இதுதான் இன்மை எடுகோள், சும்மா நம்பிக்கொண்டு ஆரம்பிக்கும் கணக்கு. இரண்டாவது மாற்று எடுகோள், முதல் வரியைத் தள்ள வேண்டி வந்தால் அதற்குப் பதிலாக ஏற்கப்போவது. இங்கேதான் யோசிக்க வேண்டும்: "250 இல்லை" என்று எழுதப் போகிறீர்களா, "250-க்குக் குறைவு" என்று எழுதப் போகிறீர்களா? இதன் விளைவு பின்னால் வரும். 5 சதவீத அளவில் சோதிக்கிறோம் என்பதையும் இப்போதே எழுதிவிடுங்கள், அதாவது சராசரி உண்மையில் 250-ஆகவே இருந்தும் அதைத் தவறாகத் தள்ளிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துதான் இருக்கலாம்.

அடுத்தது சாம்பிள். ஒரே கடையில் ஒரே அட்டைப்பெட்டியிலிருந்து ஒன்பதையும் அள்ளிக்கொண்டு வந்தால் அது அந்தப் பெட்டியின் கதையைத்தான் சொல்லும். கோத்தகிரியில் இரண்டு, ஊட்டியில் மூன்று, மஞ்சூர், கூடலூர் என்று பிரித்து வாங்குங்கள், பேக்கிங் தேதியும் கொஞ்சம் மாறியிருக்கட்டும். எடை போடும்போது பிரிக்காமலே தராசில் வையுங்கள். டீத்தூள் ஈரத்தைக் குடிக்கும், அதுவும் ஐப்பசி மழையில் கோத்தகிரியில் தூளைக் கிண்ணத்தில் கொட்டி வைத்துவிட்டு சாவகாசமாக எடை பார்த்தால் தூளோடு சேர்த்துக் காற்றில் இருக்கும் தண்ணீரையும் நிறுத்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம் பிரித்துத் தூளை டப்பாவில் போட்டுக்கொண்டு, வெறும் கவரின் எடையைத் தனியாகப் பார்த்துக் கழித்துவிடுங்கள். கவர் தானே என்று விட்டுவிட்டால் மொத்தக் கணக்கும் போச்சு, ஏனென்றால் நாம் தேடுவதே இரண்டு கிராம் வித்தியாசத்தைத்தான்.

கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை: 244, 245, 245, 247, 248, 249, 250, 252, 252. கூட்டினால் 2232, ஒன்பதால் வகுத்தால் சராசரி 248.

இனி ஒவ்வொன்றும் 248-லிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து வர்க்கப்படுத்துங்கள்: 16, 9, 9, 1, 0, 1, 4, 16, 16. மொத்தம் 72. இதை 9-ஆல் அல்ல, 8-ஆல் வகுக்க வேண்டும், சாம்பிளில் எப்போதும் ஒன்று குறைத்துத்தான். 9 வருகிறது, வர்க்கமூலம் 3 கிராம், இதுதான் திட்டவிலக்கம், பாக்கெட்டுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பதன் அளவு. அதை ஒன்பதின் வர்க்கமூலமான 3-ஆல் வகுத்தால் திட்டப் பிழை 1 கிராம். அதாவது வேறு ஒன்பது பாக்கெட் எடுத்திருந்தாலும் சராசரி இப்படியும் அப்படியும் சுமார் ஒரு கிராம் ஆடும்.

டி மதிப்பு, அதாவது நம் சராசரி 250-லிருந்து எத்தனை திட்டப் பிழை தள்ளி நிற்கிறது என்பது: (248 − 250) ÷ 1 = −2. அவ்வளவுதான் கணக்கு.

சின்ன சாம்பிளுக்கு இந்த வழியைக் கொடுத்தவர் டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். 1908-ல் 'ஸ்டூடண்ட்' என்ற புனைபெயரில் வெளியிட்டார். அதனால்தான் புத்தகங்களின் பின்பக்கத்தில் ஸ்டூடண்ட் டி அட்டவணை என்று இருக்கும்.

அந்த அட்டவணையில் 8-ஆம் வரிசையைப் பாருங்கள் (9-ல் ஒன்று போக 8). "250 இல்லை" என்று எழுதியிருந்தால் தாண்ட வேண்டிய எல்லை 2.306. கழித்தல் குறியை விட்டுப் பார்த்தால் நம்முடைய 2 அதைத் தாண்டவில்லை, சராசரி 250 என்ற எடுகோளைத் தள்ள முடியாது. "குறைவு" என்று எழுதியிருந்தால் எல்லை 1.860, தாண்டிவிட்டது, தள்ளலாம். அதே பாக்கெட், அதே தராசு, இரண்டு தீர்ப்பு! எண்களைப் பார்த்த பிறகு "நான் குறைவுன்னுதான் நினைச்சேன்" என்று மாற்றி எழுதுவது அழுகுணி ஆட்டம். வாங்குகிறவருக்கு எடை கூடினால் கவலையில்லை, அதனால் நியாயமாகவே முதலிலிருந்து "குறைவு" என்று எழுதலாம். பேக்கிங் மெஷினைச் சரிபார்ப்பவருக்குக் கூடினாலும் நஷ்டம், அவர் "250 இல்லை" என்றுதான் எழுத வேண்டும்.

தள்ள முடியவில்லை என்றால் 250 நிரூபணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை, ஒன்பது பாக்கெட்டால் பிடிக்க முடியவில்லை, அவ்வளவே. சந்தேகம் தீரவில்லையா, இந்த ஒன்பதோடு ஒவ்வொன்றாகச் சேர்த்து எல்லை தாண்டும்வரை நிறுத்துக்கொண்டிருக்காதீர்கள். புதிதாக 36 வாங்குங்கள். அப்போதும் சராசரி 248, திட்டவிலக்கம் 3 என்றே வந்தால் திட்டப் பிழை அரை கிராம்தான், டி −4, எந்தப் பக்க எல்லையும் தாங்காது. 36 பாக்கெட்டுக்கு 9 கிலோ தூள், நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொள்வது நல்லது.