தண்ணீர் ட்ரம்மில் கொசுப்புழு வராமல் தடுப்பது எப்படி?

2024 கோடையில் பெங்களூரில் போர்வெல்கள் வற்றியபோது, அல்சூரில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு நீல ட்ரம் வந்து இறங்கியது. நாங்களும் 200 லிட்டர் ட்ரம் இரண்டு வாங்கினோம். மழை தொடங்கியதும் சின்னவளுக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். அந்த செப்டம்பரில் கர்நாடக அரசே டெங்குவைக் கொள்ளைநோயாக அறிவித்தது.

டெங்கு தொட்டால் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசு, ஒரு வாரம் பத்து நாள் கழித்து இன்னொருவரைக் கடிக்கும்போது கிருமி அவருக்குப் போகிறது. பகலில் கடிக்கிற கொசு இது. நாம் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீரில்தான் வளரும், அதிக தூரமும் பறக்காது. அதனால் முதலில் தேட வேண்டிய இடம் நம் வீடுதான்.

படி 1: ட்ரம்முக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் போய்விடும். உடனே மூடிவிடாதீர்கள். இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால், மூச்சு வாங்க மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். வெள்ளை மக்கில் மொண்டு பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும்.

படி 2: தண்ணீரைச் செடிக்கோ மண்ணிலோ ஊற்றிக் காலி செய்யுங்கள்.

படி 3: தேய்க்க வேண்டும். நான் கோட்டை விட்டது இங்கேதான். ஞாயிறுதோறும் ட்ரம்மைக் கவிழ்த்து, இரண்டு மக் தண்ணீர் விட்டு அலசி, திரும்ப நிரப்புவேன். வியாழக்கிழமை பார்த்தால் மறுபடியும் புழு! மகள் காய்ச்சலில் படுத்த பிறகு, வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வந்த ஆஷா (கிராம, நகர சுகாதாரப் பணியாளர்) ஊழியர் ஒருவர், காலி ட்ரம்மின் உள்பக்கம் டார்ச் அடித்துக் காட்டினார். தண்ணீர் நின்ற கோட்டை ஒட்டி, மிளகுத்தூள் சிதறியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். ஒன்றுகூட ஒரு மில்லிமீட்டர் இருக்காது. விரலால் தடவினேன், வரவில்லை.

ஏடிஸ் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான உள்சுவரில்தான் முட்டையை ஒட்டி வைக்கிறது. அது காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும், தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். அதாவது, நான் ஞாயிறுதோறும் விளிம்பு வரை நிரப்பி அவற்றைப் பொரிக்க வைத்திருக்கிறேன்.

ஆகவே சோப்புத்தூள் போட்டு, விளிம்பிலிருந்து அடி வரை அழுத்தித் தேயுங்கள். ஸ்பாஞ்ச் வழுக்கும், என் கைக்குத் தேங்காய் நார்தான் சரி. தேய்த்த தண்ணீரையும் மண்ணிலேயே கொட்டுங்கள்.

படி 4: மூடி விரிசல் விட்டிருந்தால் பழைய வேட்டியை இரண்டாக மடித்துப் போர்த்தி, சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டுங்கள். துணி தொய்ந்தால் மழைநீர் அதன் மேலேயே தேங்கும், கவனம்.

படி 5: வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில். முட்டை கொசுவாக எட்டு முதல் பத்து நாள் ஆகும். அதற்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் வந்துவிட்டால் டாக்டரைப் பாருங்கள். நீங்களாக ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போடாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து அதிகம். அப்போது கடுமையான வயிற்றுவலியோ நிற்காத வாந்தியோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பின்சேர்க்கை: எல்லாம் செய்தும் கொசு குறையவில்லை என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், கம்ப்ரஸருக்கு மேல் இருக்கும் தட்டைப் பார்க்கச் சொன்னேன். அங்கேதான் இருந்தது புழு. மணி பிளான்ட் பாட்டிலையும் விடாதீர்கள்.

இன்னொருவர் சம்ப், அதாவது தரைக்கடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி பற்றிக் கேட்டிருந்தார். அதை வாராவாரம் தேய்க்க முடியாது. மூடி இடைவெளியில்லாமல் உட்காருகிறதா என்று பார்த்து, ஓவர்ஃப்ளோ குழாய் வாயில் வலை கட்டுங்கள். புழு இருந்தால் மாநகராட்சி ஊழியரைக் கூப்பிட்டு, அளவு பார்த்து மருந்து போடச் சொல்லுங்கள். குடிக்கும் தண்ணீரில் நீங்களாக மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள்.