பையானா கேயானா? செரன்கோவ் கோணத்தை வச்சு கண்டுபிடிக்கிறது எப்படி

பையான், கேயான் ரெண்டும் அணுவைவிட சின்ன துகள்கள், எது எதுன்னு பிரிக்கணும். சார்ஜ் உள்ள துகள் ஒரு ஊடகத்துல ஒளியவிட வேகமா போனா கூம்பு மாதிரி வெளிச்சம் விடும் (இதான் செரன்கோவ் ஒளி, துகளோட பாதைக்கும் இந்த வெளிச்சத்துக்கும் நடுவுல உள்ளதுதான் செரன்கோவ் கோணம்), அதை கண்ணாடி வச்சு குவிச்சா வளையமா விழும், இதெல்லாம் தெரியும்னு வச்சுக்கிட்டு நேரா கணக்குக்கு போறேன். உதாரணம் செர்ன் ஆய்வுக்கூடத்துல எல்எச்சிபி சோதனையோட ரிச்-1, அதாவது இந்த வளையத்தைப் பாத்து கோணத்தை அளக்கற கருவி.

டூல்? பைத்தானும் அதுல கணக்கு போடற நம்பை லைப்ரரியும் போதும். இதுக்குப் போய் செர்னோட ரூட்ங்கற பெரிய சாஃப்ட்வேரை இன்ஸ்டால் பண்ணி உயிரை விடாதீங்க.

ஸ்டெப் 1: உந்தம். ரிச் இதைத் தராது. காந்தப்புலத்துல பாதை எவ்ளோ வளையுதுன்னு பாத்து டிராக்கர்தான் தரும். ரிச் தர்றது கோணம், அதாவது வேகம். ரெண்டும் சேந்தாதான் நிறை.

ஸ்டெப் 2: வாயு சி4எஃப்10, ஒளிவிலகல் எண் 1.0014.

ஸ்டெப் 3: நிறையை ஜிஇவி-ல போடுங்க (இது ஆற்றல் அலகு, துகள் இயற்பியல்ல நிறைக்கும் உந்தத்துக்கும் இதையே வச்சுக்குவாங்க), பையான் 0.1396, கேயான் 0.4937, புரோட்டான் 0.9383.

பீட்டா = பி / √(பி² + எம்²)
காஸ் தீட்டா = 1 / (என் × பீட்டா)
(பி உந்தம், எம் நிறை, என் ஒளிவிலகல் எண், பீட்டா ஒளிவேகத்தோட ஒப்பிட்ட துகள் வேகம், தீட்டா செரன்கோவ் கோணம்)

உந்தம் 20 ஜிஇவி-ன்னா பையானுக்கு 52.4 மில்லிரேடியன், கேயானுக்கு 46.8, புரோட்டானுக்கு 24.5 வரும்.

ஸ்டெப் 4: இங்கதான் எல்லாரும் மாட்டுறாங்க. உந்தத்தை 5-ன்னு மாத்துங்க, பையானுக்கு 44.9 வரும், ஆனா கேயானுக்கு காஸ் தீட்டா 1-ஐ தாண்டிடும், நம்பை ஒரு வார்னிங் குடுத்துட்டு 'நேன்'னு (எண்ணே இல்லன்னு அர்த்தம்) காட்டும், உடனே கோடு தப்புன்னு நெனச்சு அந்த வரியவே தூக்கிடுறாங்க. தூக்காதீங்க, அதுதான் விடையே! வெளிச்சமே வராதுன்னு அர்த்தம். இந்த வாயுல பையானுக்கு 2.6, கேயானுக்கு 9.3, புரோட்டானுக்கு 17.7 ஜிஇவி தாண்டினாதான் வெளிச்சம். அதனால 5 ஜிஇவி-ல வளையம் இல்லன்னா அது பையானா இருக்க வாய்ப்பு கம்மி. ஆனா அதை மட்டும் வச்சு கேயான்னு முத்திரை குத்திட முடியாது, ஏன்னா புரோட்டானும் அங்க வளையம் போடாது, சிக்கற ஃபோட்டான்களும் கொஞ்சம்தான், பக்கத்து துகளோட வளையமும் மேல வந்து விழும். அதான் எல்எச்சிபி-ல ஒவ்வொரு துகள்னும் வச்சுப் பாத்து எது நல்லா பொருந்துதுன்னு லைக்லிஹுட் போட்டு ஒப்பிடுறாங்க.

100 ஜிஇவி-ல பையானுக்கும் கேயானுக்கும் வித்தியாசம் வெறும் 0.2 மில்லிரேடியன். அந்த ஏரியாவுக்கு ரிச்-2, அதுல சிஎஃப்4, என் 1.0005.

அப்டேட்: கமெண்ட்ல ஒருத்தர் 52.4-க்கு பதிலா 3 வருதுன்னாரு. அது டிகிரி, கால்குலேட்டர் மோடை மாத்துங்க.

அப்டேட் 2: இன்னொருத்தருக்கு 50.5 வந்துச்சாம். அவரு போட்ட என் 1.0013! நாலாவது தசமத்துல ஒண்ணு மாறினதுக்கே பையான்-கேயான் இடைவெளில மூணுல ஒரு பங்கு அளவுக்கு கோணம் நகந்துடுச்சு பாருங்க. வாயுவோட அழுத்தம், வெப்பநிலை மாறினா என்னும் மாறும், அதனால நிஜ டேட்டாவுல வர்ற வளையங்கள வச்சே அதை அப்பப்போ திருத்திக்கிட்டே இருப்பாங்க.