ஸ்போர்ட்ஸ் காருக்குப் புது டயர்: முதல்முறை வாங்குகிறவர்களுக்கு

என் காரின் பின் டயர்கள் இரண்டும் வெளியிலிருந்து பார்த்தால் இன்னும் ஒரு வருடம் தாங்கும் போலத்தான் இருந்தன. சர்வீஸில் வண்டியைத் தூக்கியபோது மெக்கானிக் கூப்பிட்டுக் காட்டினார். உள்பக்க ஓரத்தில் ரப்பரே இல்லை, கம்பி வெளியே தெரிந்தது. முந்தின வாரம்தான் அதே டயரில் நெடுஞ்சாலையில் விரட்டியிருந்தேன். அதற்கப்புறம்தான் டயரைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இப்போது டயர் மாற்றும்போது நான் பின்பற்றும் வரிசை இது.

படி 1: பழைய டயரை நன்றாகப் பாருங்கள்

ஸ்போர்ட்ஸ் கார்களில் சக்கரத்தின் மேல்பகுதியை லேசாக உள்பக்கம் சாய்த்து வைத்திருப்பார்கள். நெகட்டிவ் கேம்பர் என்று பெயர். வளைவில் திரும்பும்போது டயர் முழு அகலத்துக்கும் சாலையில் படிய அது உதவும். ஆனால் நேர்சாலையில் ஓடும்போது பாரம் உள் ஓரத்தில்தான் அதிகம் விழும். கூடவே டோ அலைன்மென்டும் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் எவ்வளவு நேராக நிற்கிறது என்பது) கொஞ்சம் தப்பியிருந்தால் அந்த ஓரம் சீக்கிரமே மொட்டையாகிவிடும்.

எனவே முன்சக்கரத்தை முழுதாகத் திருப்பி வைத்து உள் ஓரத்தைப் பாருங்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் போனை நீட்டி ஒரு படம் எடுத்தால் போதும். ட்ரெட், அதாவது டயரில் சாலையைத் தொடும் பகுதி, அதன் பள்ளங்களுக்குள் ஆங்காங்கே சின்ன ரப்பர் மேடுகள் இருக்கும். அவற்றின் உயரம் 1.6 மி.மீ. சுற்றியுள்ள ரப்பர் அந்த மட்டத்துக்கு இறங்கிவிட்டால் டயர் முடிந்தது. நான் அதுவரை காத்திருப்பதில்லை. அகலமான டயர் தண்ணீரை ஒதுக்கத் திணறும், பள்ளம் குறையக் குறைய தண்ணீரின் மேல் மிதக்க ஆரம்பிக்கும். அதனால் 3 மி.மீ. வந்ததுமே மாற்றிவிடுவேன்.

சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், புடைப்பு இருந்தால் எந்தக் கணக்கும் வேண்டாம். உள்ளே இழை அறுந்திருக்கிறது, உடனே மாற்றுங்கள்.

படி 2: அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

சைடுவாலில் 245/35 இசட்ஆர் 19 என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 245 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 35 என்பது சைடுவாலின் உயரம், ஆனால் மி.மீ. அல்ல, அகலத்தில் 35 சதவீதம். அதாவது சுமார் 86 மி.மீ. ஆர் என்றால் ரேடியல் (டயரின் உள்கட்டமைப்பு வகை), 19 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மணிக்கு 240 கி.மீ.க்கு மேல் போகும் வகை டயர் என்பதைக் குறிக்க ஆர்-க்கு முன்னால் இசட் வரும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார் என்றால் இப்போது மாட்டியிருக்கும் அளவை நம்பாதீர்கள். முந்தைய சொந்தக்காரர் அழகுக்காக எதையாவது போட்டிருக்கலாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் அந்தச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், அல்லது மேனுவலில் இருக்கும். அதுதான் சரியான அளவு. முன்னும் பின்னும் வேறு வேறு அளவா என்றும் பாருங்கள். போர்ஷே 911 போன்ற கார்களில் பின் டயர் முன்னதைவிட நன்றாகவே அகலம். மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் நான்கும் ஒன்றுதான்.

ரிம்மை மாற்றுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. சைடுவாலின் உயரத்தை இரண்டால் பெருக்கி ரிம்மின் விட்டத்தோடு கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் கிடைக்கும். ஓர் அங்குலம் 25.4 மி.மீ. மேலே சொன்ன 19 அங்குல டயருக்கு 654 மி.மீ. வரும். 245/40 ஆர் 18 போட்டால் 653. கிட்டத்தட்ட ஒன்றே, ஸ்பீடோமீட்டர் சரியாகக் காட்டும். விட்டம் இப்படி நெருங்கி வந்தால் மட்டும் யோசியுங்கள். புது ரிம் பிரேக்கில் இடிக்காமல் உட்காருமா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

படி 3: சுமையும் வேகமும்

அளவுக்குப் பக்கத்தில் 93ஒய் மாதிரி ஒன்று இருக்கும். 93 என்றால் ஒரு டயர் 650 கிலோ தாங்கும். ஒய் என்றால் மணிக்கு 300 கி.மீ. வரை. டபிள்யூ 270, வி 240, எச் 210. (எச் மட்டும் எழுத்து வரிசை தப்பி யூ-வுக்கும் வி-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும்.)

கம்பெனி சொன்னதற்குச் சமமாகவோ மேலேயோ இருக்கட்டும், கீழே போகாதீர்கள். "1500 கிலோ காருக்கு நான்கு டயர், ஒன்றுக்கு 400 கிலோ போதாதா?" என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. பிரேக் அடித்தால் பாரம் முன்னால் பாயும், திரும்பினால் ஒரு பக்கம் சாயும், அப்போது ஒரே டயர் தன் பங்கைவிட நிறையவே அதிகம் சுமக்க வேண்டி வரும். ஒரே 245/35 ஆர் 19 அளவில் சாதாரண டயர் 89, அதாவது 580 கிலோ. எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோட், கூடுதல் சுமை தாங்குவது) என்று எழுதியிருந்தால்தான் 93. அந்த இரண்டு எழுத்தைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

படி 4: எந்த ரகம்?

எல்லோரும் சறுக்குவது இங்கேதான், நானும் சறுக்கினேன், நிஜமாகவே. முதல்முறை 'இருப்பதிலேயே அதிகப் பிடிப்பு' என்று டிராக்குக்கான டயரை வாங்கிப் போட்டேன். காய்ந்த சாலையில், சூடேறிய பிறகு, பசை போட்ட மாதிரி ஒட்டியது. ஆனால் அது சூடாக வேண்டும். அலுவலகத்துக்குப் போகிற இருபது நிமிடத்தில் அது சூடாகவே ஆகாது. முதல் மழையில் ஒரு ரவுண்டானாவில் வண்டியின் பின்பக்கம் என்னை முந்தப் பார்த்தது. பள்ளம் குறைவான ட்ரெட், குளிர்ந்த ரப்பர், தேங்கிய தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் வேறென்ன நடக்கும்?

ஆகவே 'நான் ஓட்ட ஆசைப்படுவது எப்படி' என்று கேட்காமல், போன மாதம் எப்படி ஓட்டினேன் என்று யோசியுங்கள். தினமும் சாலையில் ஓட்டி, எப்போதாவது மலைப்பாதையில் மகிழ்கிறவருக்கு மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ், கான்டினென்டல் ஸ்போர்ட்கான்டாக்ட் 7, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் போன்ற உயர்ரக கோடை டயர்களே போதும், தாராளமாகப் போதும். மாதம் தவறாமல் டிராக்குக்குப் போகிறவருக்குத்தான் பைலட் ஸ்போர்ட் கப் 2 வகை. அவர்களிலும் பலர் அதற்கென்று தனியாக ஒரு செட் ரிம் வைத்திருப்பார்கள்.

கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுக ஆரம்பிக்கும். உறைகுளிரில் ஓட்டினால் விரிசலே விடலாம். குளிர்காலத்திலும் காரை எடுப்பீர்கள் என்றால் குளிர்கால டயர் ஒரு செட், அல்லது கொஞ்சம் கூர்மையை விட்டுக்கொடுத்து ஆல் சீசன்.

ட்ரெட்வேர் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். பைலட் ஸ்போர்ட் 4எஸ்-க்கு 300. எண் கூடினால் ஆயுள் கூடும் என்று பொதுவாகக் கொள்ளலாம். ஆனால் அந்தச் சோதனையைத் தயாரிப்பாளரே செய்து போடுவதால், இரண்டு பிராண்டுகளை அதை வைத்து ஒப்பிட முடியாது.

படி 5: கார் கம்பெனியின் முத்திரை

ஒரே பெயருள்ள டயரிலும் கார் கம்பெனிக்கென்று மாற்றிச் செய்த பதிப்புகள் உண்டு. போர்ஷேக்கு என் என்ற எழுத்தும் ஓர் எண்ணும், பி.எம்.டபிள்யூவுக்கு நட்சத்திரம், மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. உள்கட்டமைப்பும் ரப்பர் கலவையும் மாறியிருக்கலாம். என் கருத்து: கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் முத்திரை இல்லாததை நான்கிலும் போடுங்கள், கலக்காதீர்கள்.

உங்கள் காரில் வந்தது ரன்ஃபிளாட் என்றால், பஞ்சர் ஆனாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. போக முடியும். சாதாரண டயருக்கு மாறினால் சவாரி மென்மையாகும். ஆனால் அப்படிப்பட்ட கார்களில் பெரும்பாலும் ஸ்டெப்னி இருக்காது, பஞ்சர் ஒட்டும் திரவமும் சின்ன பம்பும் டிக்கியில் இருக்கட்டும்.

படி 6: எத்தனை மாற்றுவது?

ஒற்றை டயரை மாற்றாதீர்கள். ஓர் அச்சுக்கு இரண்டு, குறைந்தபட்சம். ஆல் வீல் டிரைவ் என்றால் நான்கும் ஒன்றாக மாற்றுவது நல்லது. தேய்ந்த டயர் சுற்றளவில் சிறியது, அதனால் வேகமாகச் சுழலும். அந்த வித்தியாசத்தை நடுவில் இருக்கும் கியர் அமைப்பு ஓயாமல் ஈடுகட்டிக்கொண்டே சூடேறும். எத்தனை மி.மீ. வித்தியாசம் வரை பரவாயில்லை என்று மேனுவலைப் பாருங்கள்.

படி 7: கடையில்

மாட்டும் முன் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நான்கு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ரொம்பப் பழையதை உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.

சைடுவாலில் 'வெளிப்பக்கம்' என்றோ சுழலும் திசைக்கு அம்புக்குறியோ இருக்கும். நானே ஒருமுறை மாற்றி மாட்டியதைக் கண்டுபிடித்தேன், கடைக்காரர் சிரித்துக்கொண்டே கழற்றினார். பாலன்சிங் அங்கேயே முடித்துவிடுங்கள். அலைன்மென்ட் பார்க்காமல் கிளம்பாதீர்கள். என் பழைய டயரைத் தின்றது அதுதானே, புதியதையும் தின்னும்.

படி 8: முதல் சில நாட்கள்

புது டயரின் மேற்பரப்பு கொஞ்சம் வழுக்கும். தயாரிக்கும்போது வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய பொருளின் மிச்சம் அதில் இருக்கும். முதல் 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள், மழையில் இன்னும் நிதானமாக. காற்றழுத்தத்தைக் காலையில், வண்டியை எடுக்கும் முன் பாருங்கள். கதவு ஸ்டிக்கரில் முன்னுக்கும் பின்னுக்கும் வேறு எண் இருக்கலாம், அப்படியே வையுங்கள். சுமார் 100 கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதும் அந்த மேனுவலிலேயே இருக்கிறது.