தினசரி சமையலுக்கு நான்ஸ்டிக் பேன்: கடையிலேயே சோதித்து வாங்கும் முறை

1500 ரூபாய்க்குள் நல்ல நான்ஸ்டிக் ஃப்ரை பேன் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையில் நமக்குக் காட்டுவது ஒன்று, நாம் பார்க்க வேண்டியது வேறொன்று. "அஞ்சு லேயருங்க்கா, கிரானைட்டுங்க" என்று கோட்டிங்கைத்தான் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் ஒரு பேன் போய் அடுத்த பேன் என்று மாற்றிக்கொண்டே இருந்தபோது, எது சீக்கிரம் போகிறது, எது நிற்கிறது என்று கவனித்ததில் எனக்குத் தெரிந்தது இதுதான்: கோட்டிங் எந்தப் பேனாக இருந்தாலும் சில வருடத்தில் தேயும், அது எத்தனை வருடம் என்பதை அடிப்பாகத்தின் கனமும் நம் அடுப்புத் தீயும்தான் முடிவு செய்கின்றன. அதனால் காசை கனத்துக்குக் கொடுங்கள், லேயர் கணக்குக்குக் கொடுக்காதீர்கள்.

வாங்கப் போகும் முன் ஒன்று. முட்டை, கலக்கி, மீன் வறுவல், பனீர், ராகி அடை, ஒப்புட்டு மாதிரி மிதமான சூட்டில் ஒட்டாமல் வர வேண்டியதற்குத்தான் இந்தப் பேன். மல்லி, மிளகாய் வறுப்பதற்கும், பள்ளிபாளையம் சிக்கனைச் சுருளச் சுருள வதக்குவதற்கும் இரும்பு வடச்சட்டிதான் சரி. சப்பாத்தியும் இதில் வேண்டாம், காலியான கல்லில் தீயைக் கூட்டி வைத்துச் சுடும் எதுவும் வேண்டாம்.

படி 1: அளவு

மூன்று நான்கு பேர் இருக்கும் வீட்டுக்கு 24 செ.மீ. போதும். பெட்டியில் போட்டிருக்கும் 24 என்பது மேல் விளிம்பின் அகலம், அடிப்பாகம் 17, 18 செ.மீ. வாக்கில்தான் இருக்கும். இரண்டு ஆம்லெட்டைப் பக்கத்தில் பக்கத்தில் போட நினைப்பவர்கள் 26 வாங்கலாம். காம்போ செட் வேண்டாம். ஒரு தவா, ஒரு கடாய், ஒரு பேன், கண்ணாடி மூடி என்று சேர்த்துக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் செட்டுகளில் பெரும்பாலும் மூன்றுமே மெலிசாக இருக்கும்.

படி 2: கனம்

பெட்டியில் மி.மீ. கணக்கு போட்டிருந்தால் 3 அல்லது அதற்கு மேல் பாருங்கள். போடாத கம்பெனியும் நிறைய உண்டு. அப்போது எடை போட்டுப் பார்த்துவிடுங்கள். நம் பக்கம் பாத்திரக் கடையில் தராசு இல்லாமல் இருக்காது, பித்தளையும் எவர்சில்வரும் எடைக்குத்தானே விற்கிறார்கள். திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் பக்கம் போனால் கேட்கவே வேண்டாம், ஊரே பாத்திர ஊர். 24 செ.மீ. அலுமினியப் பேன், மூடி இல்லாமல், கைப்பிடியோடு 700 கிராமை ஒட்டி வந்தால் கனம் சரி. 500-க்குக் கீழே வந்தால் வைத்துவிடுங்கள், அது 2 மி.மீ. வாக்கில் இருக்கும். மெலிசான அலுமினியத்தில் பர்னருக்கு நேர் மேலே மட்டும் சூடு குவியும். முட்டை நடுவில் கருகும், ஓரத்தில் வழவழ என்று நிற்கும். கோட்டிங் முதலில் போவதும் அந்த வட்டத்தில்தான்.

அடியில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அலுமினியப் பாத்திரங்களுக்கான தர எண் ஐஎஸ் 1660.

படி 3: அடி சமமா?

என்னை ரொம்ப நாள் படுத்தியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். புதுப் பேன், கோட்டிங்கில் ஒரு கீறல் இல்லை, ஆனால் எண்ணெய் ஊற்றினால் நடுவில் நிற்காமல் ஓரத்துக்கு ஓடும், நடுப்பகுதி வறண்டு முட்டை அங்கே மட்டும் பிடிக்கும். காரணம் கோட்டிங் இல்லை, அடி வளைந்திருப்பதுதான்.

கடையில் இதைப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பேனைக் கண்ணாடி மேசையிலோ கிரானைட் மேடையிலோ வையுங்கள். கைப்பிடியை விரலால் லேசாகத் தள்ளுங்கள். பம்பரமாகச் சுற்றினால் அடியின் நடுப்பகுதி வெளியே புடைத்திருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பேன் வேண்டாம். எதிரெதிர் விளிம்புகளை மாற்றி மாற்றி அழுத்தும்போது டக் டக் என்று ஆடினாலும் வேண்டாம். அப்புறம் கவிழ்த்துப் பிடித்து, அடியில் ஒரு ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்காக வையுங்கள். நடுவில் ஸ்கேலுக்கும் பேனுக்கும் இடையே ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு தெரிந்தால் பயப்படாதீர்கள், அது நல்லதுதான். சூடேறும்போது நடுப்பகுதி கீழ்நோக்கி இறங்கும் என்பதால் கொஞ்சம் உள்வாங்கியே செய்திருப்பார்கள். இடைவெளி பெரிதாக இருந்தால் நடுப்பகுதி மேலே எழும்பியிருக்கிறது என்று அர்த்தம், எண்ணெய் ஓரத்துக்கு ஓடுவது அதனால்தான். ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டு இரண்டு பக்கமும் ஆடினாலும் வில்லங்கம். ஒரே மாடலில் நாலு பேன் எடுத்து வைத்தால் நாலும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் எல்லாவற்றையும் எடுக்கச் சொல்லிப் பார்ப்பதில் கூச்சமே வேண்டாம். ஆன்லைனில் வாங்கினால், வந்த அன்றே, கழுவுவதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள், திருப்பி அனுப்ப வசதியாக இருக்கும்.

இதோடு சேர்ந்தது இண்டக்‌ஷன் அடி. வெறும் அலுமினியம் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது, அதனால் கீழே ஒரு எஃகுத் தகடு பதித்திருப்பார்கள். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள், கெட்டியாகப் பிடிக்க வேண்டும். சூட்டில் அலுமினியம் அந்த எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் மெலிசான பேனில் தகடு பதித்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து அடி வளைந்துவிடும். கேஸ் மட்டும்தான் வீட்டில் என்றால் தகடு இல்லாததே எடுங்கள், அதே காசுக்கு கனமான பேன் கிடைக்கும்.

படி 4: கோட்டிங்

சீக்கிரம் முடித்துவிடலாம். கிரானைட், மார்பிள் என்று விற்பதெல்லாம் பெரும்பாலும் புள்ளி போட்ட அதே டெஃப்லான் வகைதான், அதாவது பிடிஎஃப்இ. "பிஎஃப்ஓஏ இல்லை" என்ற ஸ்டிக்கருக்காக அதிகம் கொடுக்க வேண்டாம். பிஎஃப்ஓஏ என்பது முன்பு அந்தப் பூச்சைத் தயாரிக்கும்போது பயன்பட்ட ரசாயனம், 2019-இல் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள், இப்போது எல்லாக் கம்பெனியும் அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிறது. செராமிக் கோட்டிங் அதிக சூட்டைத் தாங்கும், பார்க்கவும் அழகு, ஆனால் ஒட்டாத தன்மை டெஃப்லானைவிடச் சீக்கிரம் போய்விடும். தினமும் முட்டை போடும் வீட்டுக்கு நான் டெஃப்லானைத்தான் சொல்வேன்.

விலை என்று பார்த்தால் 24 செ.மீ. பேன் 700-லிருந்து 1200 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கும். இன்னும் கொஞ்சம் போட முடியும் என்றால் என் விருப்பம் ஹாக்கின்ஸ் ஃப்யூச்சுரா, ஹார்ட் அனோடைஸ்டு (மேற்பரப்பைக் கெட்டியாக்கிய அலுமினியம்), 3.25 மி.மீ. கனம் என்று அவர்களே போட்டு விற்கிறார்கள். கைப்பிடி ரிவெட் அடித்ததா, ஸ்க்ரூவா என்று கேட்பார்கள். ரிவெட் ஆடாது, ஆனால் உள்பக்கம் ரிவெட் தலையைச் சுற்றி அழுக்கு சேரும். ஸ்க்ரூ தளர்ந்தால் நாமே முடுக்கிக்கொள்ளலாம். எனக்கு ஸ்க்ரூவே பிடிக்கும்.

படி 5: வீட்டுக்கு வந்த பிறகு

கழுவித் துடைத்து, சில சொட்டு எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவி வையுங்கள். சிறிய பேனைச் சிறிய பர்னரில் வையுங்கள், தீ அடியைத் தாண்டி விளிம்பை நக்கக் கூடாது. காலிப் பேனை அடுப்பில் வைத்துவிட்டு வெங்காயம் நறுக்கப் போகாதீர்கள். பிடிஎஃப்இ 260 டிகிரி செல்சியஸுக்கு மேலே போனால் சிதையத் தொடங்கும், காலிப் பேன் பெரிய தீயில் சில நிமிடத்திலேயே அந்தச் சூட்டைத் தொட்டுவிடும்.

வீட்டில் அந்தச் சூட்டை அளக்க எதுவும் வாங்க வேண்டாம், செக்குக் கடலை எண்ணெய் இருக்கிறதே. அது 160 டிகிரி வாக்கிலேயே புகைய ஆரம்பிக்கும். எண்ணெயை முதலிலேயே ஊற்றிவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள், லேசாகப் புகை வந்தால் உடனே சிம்மில் வையுங்கள். ஆபத்தான சூட்டுக்கு நூறு டிகிரி முன்னாலேயே எண்ணெய் நமக்குச் சொல்லிவிடும். ரீஃபைண்டு எண்ணெய் இவ்வளவு சீக்கிரம் புகையாது, அதை இதற்கு நம்பாதீர்கள்.

மரச் சட்டுவம் அல்லது சிலிகான். எனக்கு மரம்தான், சிலிகான் முனை ஆம்லெட்டுக்கு அடியில் நுழைவதற்குள் மடங்குகிறது. கம்பி நார், பச்சை நார், சபீனா மூன்றும் கூடாது. பாத்திரம் கழுவ வீட்டுக்கு வரும் அக்காவிடம் இதைச் சொல்லிவைப்பதைவிட, இந்த ஒன்றை மட்டும் நாமே கழுவிவிடுவது சுலபம். சூடான பேனைக் குழாய்க்கடியில் பிடிக்காதீர்கள், படி 3-இல் பார்த்துப் பார்த்து வாங்கிய சமமான அடி அதில்தான் வளையும்.

பின்சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்ட இரண்டு விஷயம்.

வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூண்டைச் சமையலறையில் வைக்கவே கூடாது. அளவுக்கு மீறிச் சூடான டெஃப்லானிலிருந்து வரும் புகை பறவைகளின் நுரையீரலைத் தாக்கும், சின்னப் பறவைகள் செத்தே போகும். பறவை இருக்கும் வீட்டில் இரும்புக் கல்லே நிம்மதி.

அடுத்தது, கோட்டிங் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஒட்டுகிறது என்பது. பல்லடம், அவிநாசி பக்கம் போர் தண்ணீர் புழங்கும் வீடுகளிலிருந்துதான் இது அதிகம் வந்தது. உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாகப் படியும், அதன் மேல் எண்ணெய் கருகிப் பழுப்பாக ஒட்டும், முட்டை பிடிப்பது அந்தப் படலத்தில். வெள்ளைப் படிவுக்கு, பேனில் பாதி தண்ணீர் ஊற்றி ஒரு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து மெதுவாகக் கொதிக்க வைத்து இறக்குங்கள். பழுப்பு மிச்சம் இருந்தால், தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா போட்டு மறுபடி கொதிக்கவிட்டு, ஆறிய பிறகு ஸ்பாஞ்சால் தேயுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள், ஒன்றை ஒன்று முறித்துவிடும். இனி கழுவியதும் காயவிடாமல் துணியால் துடைத்துவிட்டால் படிவு சேராது.