பிடிபிடிஎன் பணம் வரும்வரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பிடிபிடிஎன், அதாவது மலேசிய அரசின் உயர்கல்விக் கடன், செமஸ்டருக்கு ஒரு முறைதான் வருகிறது, வகுப்பு தொடங்கி அது கணக்கில் விழுவதற்குள் வாரக்கணக்கில் இழுத்துவிடும், அந்த இடைவெளியில்தான் கோலாலம்பூரில் படிக்கும் நம் பிள்ளைகள் பலர் காலையில் மைலோ, ராத்திரி மெகி என்று ஓட்டுகிறார்கள். வீட்டிலும் சொல்வதில்லை, அப்பாவே ஓவர்டைம் பார்க்கிறார், இதை வேறு எப்படிக் கேட்பது என்று. அரைப் பட்டினியோடு உட்கார்ந்தால் பாடம் ஏறாது, தம்பி. கையில் கொஞ்சம் காசு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

முதலில் எச்.இ.பி., அதாவது மாணவர் விவகாரப் பிரிவு. அரசுப் பல்கலைக்கழகம் என்றால் ஃபூட் பேங்க் சிஸ்வா என்ற மாணவர் உணவு உதவித் திட்டம் பற்றி விசாரியுங்கள். குடும்பக் கதை முழுவதும் வேண்டாம், "கடன் பணம் இன்னும் வரவில்லை, சாப்பாட்டுக்குச் சிரமம்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். கடைகளில் 2023 ஜனவரியில் வந்த மெனு ரஹ்மா உண்டு, 5 வெள்ளிக்குள் (ரிங்கிட்) ஒரு வேளை சாப்பாடு. பலகையில் எழுதியிருக்காவிட்டாலும் "மெனு ரஹ்மா அடா?" (மெனு ரஹ்மா இருக்கிறதா?) என்று கேட்டுப் பாருங்கள்.

கோலாலம்பூர் ஜாலான் ராஜா ஆலாங்கில் தாட் கால்சா டிவான் குருத்வாரா என்ற சீக்கியர் கோயில் இருக்கிறது. அங்கே தரும் லங்கர் என்ற இலவசச் சாப்பாடு எல்லாருக்கும் பொது, நீ யார் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். செருப்பைக் கழற்றி, தலையை மூடி, தரையில் உட்கார வேண்டும். சைவம்தான். தட்டில் மிச்சம் வைக்காதீர்கள், நேரம் இருந்தால் பாத்திரம் கழுவக் கை கொடுங்கள். நம் கோயில்களிலும் பல இடங்களில் வெள்ளிக்கிழமை பூசைக்கு அப்புறம் அன்னதானம் உண்டு, கூச்சப்படாமல் வரிசையில் நில்லுங்கள்.

ஹாஸ்டலில் ரைஸ் குக்கருக்கு அனுமதி இருந்தால் மெகியை விடுங்கள். ஒரு கப் அரிசி, அரை கப் மைசூர்ப் பருப்பு, நறுக்கிய உருளைக்கிழங்கு, மஞ்சள்தூள், உப்பு, தண்ணீர் மட்டும் வழக்கத்தைவிட ஒரு கப் கூட. எல்லாம் ஒன்றாக வெந்துவிடும், ஒரு முட்டையை மேலே உடைத்து ஊற்றி மூடி வையுங்கள், அதுவும் அந்தச் சூட்டிலேயே வெந்து வரும். இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். ரூமேட் எப்போதும் "சாப்பிட்டாச்சு" என்றே சொல்கிறாரா? கேள்வி கேட்காமல் தட்டைப் போடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரப்போகிறவர்களுக்கு ஒன்று: வருமானம் குறைந்த குடும்பம் என்றால் பிடிபிடிஎன் முன்பணமாக 1,500 வெள்ளி வரை தருகிறது, பிறகு கடனில் கழித்துக்கொள்ளும். சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததுமே இதற்கு மனுப் போட்டுவிடுங்கள்.